வால் கழன்ற ஒன்பது

முகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.
தொண்ணூற்று நாலு நிமிடம் அவனோடு ஒட்டி நின்றேன்,
முதுகுதான் தெரியும்.

கல்லடியில், கடற்காற்று பந்தின் புத்தியைக் கெடுக்கும் மைதானத்தில்
கொழும்புக் கழகத்தின் பஸ்ஸால்
கடைசி ஆளாக இறங்கினான் கெல்ரன் ஒலிவியர்.
சென் வின்சன்ட் தீவாம். முப்பத்தாறு வயதாம்.
ஒலிவாங்கியில் 'மேற்கிந்திய வீரர்' என்றதும்
மதிலில் இருந்த பெடியன்கள் கத்தினார்கள்:
சிக்ஸ் அடி! சிக்ஸ் அடி!

நான் ஸ்டொப்பர்.
மற்ற நாட்களில் மின்சார சபைக்கு மீட்டர் வாசிக்கிறவன்.
ஆரையம்பதி தொட்டுக் குருக்கள்மடம் வரைக்கும்
என்னைக் கண்டால் குரைக்காத நாய் இல்லை.
இலக்கத்தைக் கண்டால் கண் தானாகவே வாசிக்கும்.

முதல்நாள் இரவு கோச் ஒரு தாள் தந்தார்:
ட்ரினிடாட்டில் பத்தொன்பது வயதில் ஆறு கோல்.
பின்லாந்தில் இரண்டு பனிக்காலம், எட்டு.
வியட்நாமில் ஒரே வருசத்தில் இருபத்தொன்று,
அந்த வருசம் அவனுக்கு வீதியில் இலவசமாய் முடி வெட்டினார்களாம்.
மாலைதீவில் நாலு; சம்பளம் இன்னும் வரவில்லை.
டாக்காவில் முழங்கால்.
நாட்டுக்காக மூன்று கோல்,
மூன்றும் தோற்ற ஆட்டங்களில்.
எல்லாம் கூட்டி நூற்று நாற்பத்திரண்டு.

ஓடுவான் என்று நினைத்தேன். சாய்ந்தான்.
தோணி துறைக்கட்டையில் சாய்வதுபோல
முழுப் பாரத்தையும் என் நெஞ்சில் போட்டுவிட்டுக்
காத்திருந்தான்.
பந்து வரும்போது முழங்கை என் விலாவில் இடம் கேட்டது.
பந்து வராதபோதும் கேட்டது.
கழுத்துக்குக் கீழே தையல் தழும்பு, வேர்வையில் மினுங்கியது.
ஜேர்சியில் ஒன்பது; அதற்கடியில்
உரித்து எடுத்த வேறொருவன் பெயரின் நிழல்.
இடைவேளைக்குள் ஒன்று விளங்கிவிட்டது:
இடப்பக்கம் மூச்சு விட்டால்
வலப்பக்கம் போவான்.

விளங்கி என்ன.

எழுபத்தோராம் நிமிடம்.
உயரத்தால் வந்த பந்தை நெஞ்சில் இறக்கினான்,
கிறுகினான்.
எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை
ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்வோம்,
சைக்கிளுக்கு, மாட்டுக்கு, பிந்திய பஸ்ஸுக்கு.
ஒரு மனிசன் செய்து பார்த்தது அன்றைக்குத்தான்.
வலப்பக்கம் நான் இருந்தேன். அவன் இல்லை.

என் கையில் அவனுடைய ஜேர்சி.

விட்டிருக்கலாம்.
ஒரு கணம் பிந்தித்தான் விட்டேன்.
அடித்தான். கம்பத்தில் பட்டுத் திரும்பியது.
அவனுடைய அணிச் சின்னப் பெடியன் ஒருத்தன்
ஓடிவந்து தட்டிவிட்டான், கோல்.
எல்லாரும் அவனை அள்ளிக்கொண்டு மூலைக்கொடிக்கு ஓடினார்கள்.
ரெப்ரி விசில் ஊதியது கோலுக்கு.
என் கையை ஒருவரும் காணவில்லை.
கெல்ரன் குனிந்து என்னைத் தூக்கிவிட்டான்,
பார்வை கம்பத்திலே.

பிறகு தண்ணீர்க் குழாயடியில்,
தலைக்குமேல் துவாய், முழங்காலில் மீன்காரனின் ஐஸ்.
ஓட்டை இங்கிலிசில் என் வேலையைச் சொன்னேன்.
மீட்டர் பின்னுக்கு ஓடுமா என்று கேட்டான்.
சோலார் பூட்டின வீட்டில் ஓடும் என்றேன்.
துவாய்க்குள் சிரித்தான்.
'என்ன விலை போகும்?'

மியன்மாருக்குப் போனான் என்று கோச் சொன்னார்.
அதற்குப் பிறகு அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று உடுப்பு மாற்றும்போதுதான் கண்டேன்:
ஒன்பதின் வால் என் உள்ளங்கையில்,
விரல் நீளத்துக்கு வெள்ளை நாடா.
மிச்சமிருந்த இருபது நிமிடமும்
அவன் முதுகில் இருந்தது பூச்சியம்.
நூற்று நாற்பத்து மூன்று என்று இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்றைக் குறைத்து எழுதினவன் நான்;
இதையே ஒரு வீட்டு மீட்டரில் செய்திருந்தால்
வேலை போயிருக்கும்.

நாடா என் மீட்டர் புத்தகத்துக்குள் கிடக்கிறது.
பங்குனி வெயிலில் பசை இளகி
எந்த வீட்டுக் கணக்கிலாவது
ஒட்டிக்கொள்கிறது.
உரித்து எடுக்கவேண்டியிருக்கிறது,
தாள் கிழியாமல்.